டாப்ளர் எதிரொளிப்புமானி மேசை மாதிரி: உருளை ஒரே திசையில் சுற்றுகிறது, முகடு இரு பக்கமும் வருகிறது

கிண்டி மாணவி | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். பிராஜெக்டுக்காக ஒரு டாப்ளர் எதிரொளிப்புமானியின் மேசை மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது.

விஷயம் இதுதான். டோகமாக் என்பது அணுக்களை இணைக்க முயலும் காந்த இயந்திரம். அதில் இருக்கும் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயுவை) நோக்கி நுண்ணலையைச் சாய்வாக அனுப்புவார்கள். அது ஓர் அடுக்கு வரை போய், அதற்கு மேல் நுழைய முடியாமல் திரும்பும். அந்த அடுக்கு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் சாய்வாகப் போன அலை வேறு பக்கம் போய்விடும்; அனுப்பிய ஆண்டெனாவுக்கு ஒன்றும் வராது. கொந்தளிப்பால் அங்கே மேடுபள்ளம் இருந்தால் கொஞ்சம் அலை வந்த வழியே திரும்பும். மேடுபள்ளம் நகர்ந்தால் அதன் அதிர்வெண் மாறியிருக்கும். அந்த மாற்றம்தான் கொந்தளிப்பின் வேகத்தைச் சொல்லும்.

பிளாஸ்மாவுக்குப் பதிலாக என்னிடம் இருப்பது ஒரு மர உருளை. விட்டம் சுமார் 30 செ.மீ. அதைச் சுற்றி 75 அரைவட்ட மரப் பீடிங் ஒட்டியிருக்கிறேன், 12.5 மி.மீ. இடைவெளியில். மேலே அலுமினியத் தாள். 120 ஆர்பிஎம் கியர் மோட்டார். ஐ, க்யூ என ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளிய இரண்டு வெளியீடு உள்ள 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல்; இரண்டும் சேர்ந்தால்தான் பள்ளம் நம்மை நோக்கி வருகிறதா (+), விலகிப் போகிறதா (−) என்று தெரியும். அலைநீளம் 12.4 மி.மீ., அதனால் 30 டிகிரி சாய்வு வைத்தால் பிராக் நிபந்தனை பொருந்துகிறது, அதாவது எல்லாப் பள்ளங்களிலிருந்தும் வந்த வழியே திரும்பும் அலைகள் ஒன்றாகக் கூடுகின்றன. நொடிக்கு 2 சுற்று, 75 பள்ளம், ஆகவே 150 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

150 வருகிறது. ஆனால் −150-இலும் அதே உயரத்தில் வருகிறது. உருளை ஒரே திசையில்தான் சுற்றுகிறது! 300-இல் ஒரு சின்ன முகடு. சுழியத்துக்குப் பக்கத்தில் பதினேழு, பதினெட்டு ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாகப் பற்கள் மாதிரி ஏதோ. மோட்டாரைத் திருப்பிச் சுற்றினாலும் படம் மாறவில்லை. திசை தெரியவில்லை என்றால் இந்தக் கருவிக்கே பொருளில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

அலைவழி | வெள்ளி, இரவு 10.25

நல்ல வேலை எடுத்திருக்கிறாய் அம்மா. ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல். இரண்டு வெளியீட்டையும் கம்ப்யூட்டருக்குள் எப்படிக் கொண்டுபோகிறாய்? −150 உயரம் கிட்டத்தட்ட சமமா, அச்சு அசலாகச் சமமா?

கிண்டி மாணவி | வெள்ளி, இரவு 10.40

ஐயா, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்து லேப் கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ள இளஞ்சிவப்பு ஜாக்கில் ஸ்டீரியோ வயரால் சொருகியிருக்கிறேன். கோப்பு ஸ்டீரியோவாகத்தான் பதிவாகிறது. உயரம் அச்சு அசலாகச் சமம். தசம புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

அலைவழி | வெள்ளி, இரவு 11.05

அங்கேதான் பிடி கிடைக்கிறது. இயற்கையில் எதுவும் அவ்வளவு சமமாக வராது. நான்கு இலக்கம் வரை ஒத்துப்போனால் அது கணக்கு செய்த வேலை, உருளை செய்ததல்ல.

இளஞ்சிவப்பு ஜாக் மைக்குக்கானது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது ஒற்றைச் சேனல்தான். கோப்பு ஸ்டீரியோ என்று சொன்னாலும் உள்ளே ஒரே சிக்னலை இரண்டு முறை எழுதி வைத்திருக்கும். இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்துப் பார். சுழியம் வந்தால் உன் க்யூ கம்ப்யூட்டருக்குள் வரவே இல்லை என்று பொருள். ஐ மட்டும் இருந்தால் முன்னால் வருவதும் பின்னால் போவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்; எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) இரு பக்கமும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

பக்கத்திலேயே நீல ஜாக் இருக்கும். அது லைன்-இன், உண்மையான ஸ்டீரியோ. வயரை அதில் மாற்று. அப்புறம் ஒலி அமைப்பில் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு என்று எது இருந்தாலும் அணைத்துவிடு. பேச்சுக்காகச் செய்த வசதிகள் அவை, அளவீட்டைக் கெடுக்கும்.

ஆவடி ஹாம் | சனி, காலை 6.50

அலைவழி சார் சொன்னதோடு இன்னும் இரண்டு. தங்கச்சி, 150 ஹெர்ட்ஸ் என்பது நம் வீட்டு மின்சாரத்தின் 50-ஐப் போல மூன்று மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எந்தச் சாதனமும் 150-ஐக் கக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு, மாட்யூல் மட்டும் ஓடும்போது பதிவு செய். 150-இல் ஏதாவது மிச்சம் இருந்தால் அது உருளையுடையது அல்ல. இந்த வேலைக்கு 50-இன் மடங்கில் விழும் வேகத்தை வைக்கவே கூடாது. 110 ஆர்பிஎம் வை, 137.5 வரும். அங்கே வேறு எதுவும் வராது.

இரண்டாவது, அந்தப் பற்கள். லேபில் சீலிங் ஃபேன் ஓடுகிறதா? 350 சுற்று, மூன்று இறக்கை, நொடிக்கு பதினேழரை முறை. சரியாகப் பொருந்துகிறது. 24 கிகாஹெர்ட்ஸுக்கு ஃபேன் இறக்கை பெரிய இரும்புக் கதவு மாதிரி. ஃபேனை அணைத்துவிட்டு எடு. இந்த வெயிலில் கஷ்டம்தான், ஆனால் பத்து நிமிடம் போதும்.

குரோம்பேட்டை வாசகர் | சனி, காலை 9.15

நான் கணக்காளர், இந்தத் துறை எனக்குத் தெரியாது. ஆனால் படிக்க ஆர்வமாக இருக்கிறது. இது கல்பாக்கம் உலைக்குள் நடப்பதை அளப்பதற்கா? கொந்தளிப்பு என்றால் என்ன, அதை எதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டு அளக்க வேண்டும்? யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

காந்திநகர்க்காரன் | சனி, மதியம் 1.30

கல்பாக்கம் இல்லை அண்ணா. அங்கே நடப்பது கனமான அணுவைப் பிளப்பது. இது லேசான அணுக்களை இணைப்பது, சூரியனுக்குள் நடக்கும் வேலை. நான் பெரம்பூர்க்காரன், இப்போது குஜராத்தில் இதே துறையில் இருக்கிறேன். காந்திநகர் பக்கம் பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆதித்யா என்ற டோகமாக் 1989-இல் அங்கே ஓடத் தொடங்கியது, பிறகு மேம்படுத்தி ஆதித்யா-யு ஆனது. எஸ்எஸ்டி-1 என்ற மீக்கடத்துக் காந்த டோகமாக்கும் அங்கேதான்.

பிரான்ஸின் தெற்கே கட்டிக்கொண்டிருக்கும் இட்டர் மாதிரி ஓர் உலையில் நடுவில் 15 கோடி டிகிரி இருக்க வேண்டும். சுவர் சில மீட்டர் தள்ளி. இடையில் எந்தப் பாத்திரமும் இல்லை, காந்தப்புலம்தான் பிடித்து வைக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று மோதி மெல்ல வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டு, அது மட்டும்தான் இழப்பு என்றால் சின்ன இயந்திரமே போதும். ஆனால் அளந்து பார்த்தால் வெப்பம் அதைவிட வெகு வேகமாக வெளியேறுகிறது. காரணம் கொந்தளிப்பு. உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி என்ற சரிவே அதற்குத் தீனி. அடுப்பில் ரசம் கொதிக்கும்போது அடியிலிருக்கும் சூடு சுழன்று மேலே வருகிறதே, அதுபோல சென்டிமீட்டர் அளவுச் சுழல்கள் நடுவிலிருக்கும் சூட்டை விளிம்புக்குக் கடத்துகின்றன. இயந்திரத்தை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதையே இதுதான் தீர்மானிக்கிறது. இட்டரின் பெரிய ஆரம் 6.2 மீட்டர் என்று ஆனதற்கு இந்தக் கசிவு முக்கியக் காரணம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1982-இல் ஜெர்மனியில் கார்ஷிங்கில் இருந்த ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில், சூடேற்றும் திறன் ஓர் அளவைத் தாண்டியதும் பிளாஸ்மா தானாகவே வெப்பத்தை ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது. எச்-மோடு என்று பெயர் வைத்தார்கள். விளிம்பில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் சுழல்கள் கிழிபட்டுச் சின்னதாகின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அறிய வேண்டும். தங்கச்சி திசைக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது அதற்காகத்தான். + பக்கமா − பக்கமா என்பது பிளாஸ்மா விளிம்பின் மின்புலம் உள்நோக்கியா வெளிநோக்கியா என்பதைச் சொல்கிறது. குறி தவறினால் இயற்பியலே தவறிப்போகும்.

ஏன் நுண்ணலை? 15 கோடி டிகிரிக்குள் எந்தக் கம்பியையும் விட முடியாது. லென்ஸ் வைத்தால் நியூட்ரான் பட்டு மங்கிவிடும். நுண்ணலைக்கு உள்ளே தேவைப்படுவது ஓர் உலோக ஹார்ன் (புனல் வடிவ ஆண்டெனா), ஓர் அலைவழி (அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்), அவ்வளவே. மின்னணுச் சாதனம் எல்லாம் தூரத்தில், சுவருக்கு அப்பால். இன்னொரு வசதி, அதிர்வெண்ணை மாற்றினால் திரும்பும் இடமும் மாறும். ஒரு கன மீட்டருக்கு 10-இன் 19-ஆம் அடுக்கு எலக்ட்ரான் உள்ள இடத்தில் சுமார் 28 கிகாஹெர்ட்ஸ் திரும்பும். அடர்த்தி பத்து மடங்கானால் சுமார் 90. ஆக, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் வெங்காயத்தை உரிப்பது போல ஒவ்வோர் அடுக்காக உள்ளே போய்ப் பார்க்கலாம். இன்று கார்களின் முன்பக்கம் வைக்கும் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையை ஒரு டோகமாக்குக்குள் விட்டால் சுமார் 7.3 × 10-இன் 19 அடர்த்தியில் முட்டித் திரும்பும். ஒரகடத்தில் ஓடும் வண்டிகளில் இருக்கும் தொழில்நுட்பமும் இதுவும் உறவுக்காரர்கள்.

காதங்கி வழி | சனி, மாலை 4.10

மேலே சொன்னது வானத்திலும் நடக்கிறது. சிற்றலை வானொலி கேட்ட தலைமுறைக்கு இது புதிதல்ல. இரவில் தொலைதூர நிலையங்கள் கேட்டதே அயனமண்டலம் அலையைத் திருப்பி அனுப்பியதால்தான். அங்கே அடர்த்தி மிகக் குறைவு, அதனால் சில மெகாஹெர்ட்ஸே திரும்பிவிடும். ஆப்பிள்டன் 1924-இல் இங்கிலாந்தில் அந்த அடுக்கின் உயரத்தை ரேடியோ அலையாலேயே அளந்தார், 1947-இல் நோபல் பரிசு பெற்றார். டோகமாக் ஆட்கள் செய்வது அதே உத்தி, ஆயிரக்கணக்கான மடங்கு அதிக அதிர்வெண்ணில்.

சாய்வாக அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிப்பதும் எங்களிடம் பழகிய விஷயம். திருப்பதி பக்கம் காதங்கியில் இருக்கும், மேல் வளிமண்டலத்தை ஆராயும் எம்எஸ்டி ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அலைநீளம் சுமார் 5.7 மீட்டர், ஆகவே அதற்குத் தெரிவது அதில் பாதி, அதாவது 2.8 மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மை மட்டும்தான். நான் அங்கே சில காலம் வேலை பார்த்தேன். சூரியன் மறைந்தபின் நம் அட்சரேகையில் அயனமண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும். கனமான திரவம் மேலே, லேசானது கீழே இருந்தால் கவிழுமே, அதே நிலையின்மை. ஜிபிஎஸ் சிக்னலைக்கூடத் தடுமாற வைக்கும். மானிட்டரில் அந்தக் குமிழி எழும் படத்தை முதன்முதலில் பார்த்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. பிளாஸ்மா கொந்தளிப்பு எங்கோ அயல்நாட்டு இயந்திரத்தில் மட்டும் இல்லை. சென்னைக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில் பல இரவுகளில் நடக்கிறது.

குரோம்பேட்டை வாசகர் | சனி, இரவு 8.00

அருமை. தெளிவாகப் புரிந்தது. ஒரு சந்தேகம்: நாம் அனுப்பும் அலையே பிளாஸ்மாவைக் கலைத்துவிடாதா? நோயாளியைத் தட்டி எழுப்பிவிட்டுத் தூங்குகிறாரா என்று பார்ப்பது போல ஆகாதா?

காந்திநகர்க்காரன் | சனி, இரவு 8.35

நல்ல கேள்வி அண்ணா. அனுப்புவது மில்லிவாட் கணக்கில். பிளாஸ்மாவைச் சூடாக்கப் பயன்படுத்துவது மெகாவாட் கணக்கில். கடலில் ஒரு சொட்டு.

ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சூடாக்கும் கருவிகளில் ஒன்றும் நுண்ணலைதான். இட்டரில் ஜைரோட்ரான் (வலிமையான நுண்ணலையை உண்டாக்கும் குழாய்) ஒவ்வொன்றும் 170 கிகாஹெர்ட்ஸில் ஒரு மெகாவாட் அளவில் கொடுக்கும். பிளாஸ்மா உறிஞ்சாமல் விட்ட சின்ன மிச்சம் சுவரில் பட்டு எதிரொலித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் அலையை வாங்கும் நம் மிக்சர் டயோடு மில்லிவாட்டுக்குப் பழகியது. அந்த மிச்சம் உள்ளே வந்தால் ஒரு நொடியில் போய்விடும். அதனால் சரியாக அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் அடைக்கும் வடிப்பான் போட வேண்டும். ஒருமுறை வடிப்பானைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்ட மறந்த ஒரு குழுவின் மிக்சர் எரிந்து போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புதிதாக வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்துச் சோதனையே போயிற்று.

கிண்டி மாணவி | திங்கள், மாலை 6.20

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்று முழுக்க லேபில்தான்.

இடது சேனலிலிருந்து வலதைக் கழித்தேன். சுழியம். மூன்று வாரம் இதில்தான் போயிருக்கிறது. நீல ஜாக்குக்கு மாற்றினேன். மோட்டாரை நிறுத்திப் பதிவு செய்தபோது 150-இல் சின்ன முகடு அப்படியே இருந்தது, ஆவடி அண்ணா சொன்னது சரி. வேகத்தை 110-க்கு இறக்கினேன். ஃபேனை அணைத்ததும் பற்கள் மொத்தமும் மறைந்தன. லேபில் இருந்த எல்லோரும் வியர்த்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது +137.5 தெளிவாக இருக்கிறது. மோட்டாரைத் திருப்பினால் −137.5-க்குப் போகிறது! ஆனால் எதிர்ப்பக்கம் முழுதாகப் போகவில்லை. 14 டெசிபல் கீழே இன்னும் நிற்கிறது. 275-இலும் ஒன்று இருக்கிறது. இவை ஏன்?

அலைவழி | திங்கள், இரவு 9.10

சந்தோஷம் அம்மா. இனி நுணுக்கம்.

எதிர்ப்பக்க மிச்சத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஐ-யும் க்யூ-வும் சரியாகப் பொருந்தாதது. இரண்டும் சம உயரத்தில், 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். உயரத்தில் 1 டெசிபல், கோணத்தில் 5 டிகிரி தவறினால் எதிர்ப்பக்கம் சுமார் 23 டெசிபல் கீழே தெரியும். 14 என்பது அதைவிட மோசம். மாட்யூல் அவ்வளவு கெட்டதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் உண்மையானது. மாட்யூலின் ஆண்டெனா தட்டையான பேட்ச். பீம் குடை மாதிரி விரிந்து முழு உருளையையும் நனைக்கிறது. உன் பக்கம் 30 டிகிரியில் பள்ளங்கள் உன்னை நோக்கி வருகின்றன. மறுபக்கம் அதே 30 டிகிரியில் விலகிப் போகின்றன. இரண்டும் நியாயமான சிக்னல். உண்மையான டோகமாக்கிலும் ஆண்டெனாவின் பக்கக் கதிர் இதே தொல்லையைத் தரும். 275 வருவதும் அதற்குச் சாட்சி. உன் பீடிங் அரைவட்டம், தூய சைன் அல்ல, அதனால் இரட்டை அலையெண்ணும், அதாவது பாதி இடைவெளியுள்ள அலையும், அதில் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிராக் பொருந்த கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டும். அது உருளையின் ஓரம். பீம் அங்கே வரை போகாமல் 275 இப்படித் தெரியாது.

எப்படிப் பிரித்தறிவது? மறுபக்கத்தை ஓர் உலோகத் தகட்டால் மறை. தகட்டைச் சாய்த்து வை, எதிரொளிப்பு உன்னிடம் திரும்பாமல் போகட்டும். −137.5 இறங்கினால் பீம் குற்றவாளி. இறங்காவிட்டால் ஐ, க்யூ. பிறகு அட்டையில் அலுமினிய டேப் ஒட்டி 8 செ.மீ. வாய் உள்ள ஒரு ஹார்ன் செய்து மாட்டு.

எண்கணிப்பு | செவ்வாய், காலை 8.45

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன், நன்றாகப் போகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. "கொந்தளிப்பை அளக்கிறோம்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். இந்த முறையில் வேகம் ஓரளவு நம்பகமாகக் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதிலும்கூட, பிளாஸ்மா ஓடும் வேகமும் அலை தானாகப் பரவும் வேகமும் கூடித்தான் வருகின்றன. ஆனால் கொந்தளிப்பின் வலிமை? மேடுபள்ளம் சிறிதாக இருக்கும்வரை திரும்பி வரும் திறன் அதன் வலிமைக்கு ஏற்பக் கூடும். பெரிதானால் ஓர் இடத்தில் நிரம்பிவிடும், அதற்கு மேல் குறையக்கூடச் செய்யும். அப்போது "கொந்தளிப்பு அடங்கிவிட்டது" என்று எழுதினால் உண்மைக்கு நேர்மாறாக எழுதியதாகும்.

நான் கணினியில் பிளாஸ்மாவை உருவகிக்கும் பக்கம். எங்கள் வழி வேறு. உருவகித்த பிளாஸ்மாவுக்குள் கருவியையும் சேர்த்து உருவகிப்போம். அதே ஹார்ன், அதே கோணம், அதே அலை. கணினிக் கருவி கொடுக்கும் சிக்னலையும் லேபின் சிக்னலையும் ஒப்பிடுவோம். அப்போதுதான் பேச்சு நேர்மையாகும்.

காந்திநகர்க்காரன் | செவ்வாய், இரவு 10.15

ஒப்பிடும் முறையில் எனக்குச் சண்டை இல்லை. உருவகக் கருவி இல்லாமல் இன்று யாரும் நல்ல கட்டுரை எழுத முடியாது. ஆனால் அளப்பவர் கையில் வேறு வழியே இல்லை என்பது போல எழுதுவதை ஏற்க முடியவில்லை. ஒரே கருவியை நம்பினால்தான் அந்தக் குழப்பம்.

வெப்பநிலைக் கொந்தளிப்பை அளக்க அலையை அனுப்பவே தேவையில்லை. காந்தப்புலத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் தாமாகவே நுண்ணலை உமிழ்கின்றன, ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் கணக்கில். டோகமாக்கின் புலம் உள்ளே வலிமை, வெளியே பலவீனம். எனவே எந்த அதிர்வெண் எங்கிருந்து வந்தது என்று தெரியும், அதன் பிரகாசம் அந்த இடத்தின் வெப்பநிலை. இதை ஈசிஇ என்போம். நம் ஊரில் ஈசிஇ என்றால் பொறியியல் பிரிவு. இங்கே எலக்ட்ரான் சைக்ளோட்ரான் உமிழ்வு. இட்டருக்கான இந்தக் கருவியில் அமெரிக்காவோடு சேர்ந்து இந்தியாவுக்கும் பங்கு இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் இந்த உமிழ்வே ஓர் இரைச்சல். 100 மெகாஹெர்ட்ஸ் அகல வடிப்பானும் 500 கிலோஹெர்ட்ஸ் வீடியோ அகலமும் (கண்டறிந்த பின் சிக்னலில் விடும் அதிர்வெண் அகலம்) வைத்தால் இரைச்சல் மட்டுமே 10 சதவீதம் ஆடும். உள்ளே நாம் தேடும் கொந்தளிப்பு 1 சதவீதமோ அதற்கும் கீழோ. அப்படியானால் எப்படிக் கிடைக்கிறது? பக்கத்துப் பக்கத்து இரண்டு அதிர்வெண்களில் ஒரே சுழலைப் பார்க்க வேண்டும். சுழல் இரண்டிலும் ஒன்றாக ஆடும். இரைச்சல் இரண்டிலும் தனித்தனியாக ஆடும். பெருக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் தேய்ந்துபோகும். மேலே சொன்ன அளவுகளுக்கு ஒரு நொடி சராசரி எடுத்தால் சுமார் 0.3 சதவீதக் கொந்தளிப்பு வரை இறங்கலாம். ஜெர்மனியின் வெண்டெல்ஸ்டைன் 7-ஏஎஸ் இயந்திரத்தில் 1990-களில் இதைச் செய்து காட்டினார்கள். டாப்ளர் முறை முதிர்ந்ததும் அதே இயந்திரத்தில்தான். இத்தனை மெல்லிய துடிப்பை இவ்வளவு இரைச்சலுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அடர்த்திக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று, இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு, அதாவது ஒன்றின் ஆட்டம் மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது. இந்த மூன்றையும் ஒன்றாக அளந்து உங்கள் கணினியின் முன் வைத்தால் அது எளிதில் தப்பிக்க முடியாது.

எண்கணிப்பு | புதன், காலை 7.30

கடைசி வரியை ஏற்கிறேன். ஒரே ஓர் எண்ணை ஒத்துப்போக வைக்க உருவகத்தில் சரிவைச் சற்று மாற்றினால் போதும். மூன்றையும் ஒருசேர ஒத்துப்போக வைப்பது மிகக் கடினம். எங்களுக்கும் அதுதான் தேவை.

கிண்டி மாணவிக்கு ஒன்று. உங்கள் உருளையில் ஒரே ஓர் அளவுதான் இருக்கிறது, 12.5 மி.மீ. கொந்தளிப்பில் எல்லா அளவும் கலந்திருக்கும். இந்த உருளையை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் முகடு 137.5-இலேயே நிற்கும், உயரம் மட்டும் மாறும். ஒழுங்கற்ற மேற்பரப்பில் ஒரு முறை செய்து பாருங்கள். கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கிண்டி மாணவி | சனி, இரவு 9.55

செய்துவிட்டேன்.

முதலில் தகடு. மறுபக்கத்தை மறைத்ததும் எதிர் முகடு 14-இலிருந்து 22 டெசிபல் கீழே இறங்கியது. பீம்தான் காரணம். அட்டை ஹார்ன் மாட்டியபின் 275 இரைச்சலுக்குள் மறைந்தது. மிச்சமுள்ள 22-ஐ ஐ, க்யூ திருத்தத்தை மென்பொருளில் போட்டு இன்னும் இறக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் எண்கணிப்பு சார் சொன்ன உருளை. பீடிங்கை எல்லாம் பிய்த்துவிட்டு, அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி அதே உருளையில் சுற்றினேன். அதே 110 ஆர்பிஎம், அதே 30 டிகிரி. முகடு ஊசி மாதிரி இல்லை, மேடு மாதிரி அகலமாக வந்தது. நடு 136 பக்கம், அகலம் இருபத்தைந்து ஹெர்ட்ஸ் இருக்கும். உருளைப் பரப்பின் வேகம் நொடிக்கு 1.72 மீட்டர், ஹார்ன் பார்க்கும் வட்டம் 8 செ.மீ.; வகுத்தால் 21.5. கிட்டத்தட்ட அதே அகலம்.

பிறகு கோணத்தை 20 டிகிரிக்கு மாற்றினேன். வேகத்தில் கை வைக்கவே இல்லை. மேடு நகர்ந்து 95-இல் போய் உட்கார்ந்தது. கணக்கிலும் 95 வருகிறது. உருளையில் எல்லா அளவுச் சுருக்கமும் இருக்கிறது, நான் கோணத்தைத் திருப்பும்போது அவற்றில் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கிறேன். இதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். கையால் ஹார்னைத் திருப்பி, திரையில் மேடு நகர்வதைப் பார்த்தபோதுதான் உள்ளே போயிற்று.

ஒவ்வொரு கோணத்திலும் மேட்டின் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சுருக்கங்களின் அலையெண் நிறமாலை (எந்த அளவுச் சுருக்கம் எவ்வளவு வலிமை என்ற வரைபடம்) என்று அறிக்கையில் எழுதலாமா?

எண்கணிப்பு | சனி, இரவு 10.30

அப்படியே எழுத வேண்டாம். கோணம் மாறும்போது ஹார்ன் நனைக்கும் பரப்பும் தூரமும் மாறுகின்றன. சுருக்கத்தின் ஆழத்தையும் பாருங்கள். 3 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால் இந்த அலைநீளத்துக்கு அது சிறியதே அல்ல, நிரம்பும் எல்லைக்குள் போயிருப்பீர்கள். தாளை மெல்லக் கசக்கி, ஒரு மி.மீ.க்குக் கீழே வைத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டு வரைபடத்தையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். அவை வேறுபட்டால் அந்த வேறுபாடுதான் உங்கள் அறிக்கையின் முக்கியமான பக்கம்.

அலைவழி | ஞாயிறு, காலை 6.15

அதோடு ஒரு வெற்று அளவீடும் எடு அம்மா. உருளையில் வழுவழுப்பான தகட்டைச் சுற்றி, அதே வேகத்தில், அதே கோணங்களில். அதில் வருவது எல்லாம் உன் மேசையும் சுவரும் மோட்டாரும் கொடுப்பது. அதைக் கழித்த பிறகு வரைந்தால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். ஃபேனை மறக்காமல் அணை. காலையில் எட்டு மணிக்குள் போய்விட்டால் அவ்வளவு வியர்க்காது.